ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தால்: ஆயில் லெவலிலிருந்து தொடங்குவோம்

ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாறும்போது இடி விழுந்தாலோ, லிவரை 'டி'-யில் போட்ட பிறகும் வண்டி நகரத் தாமதித்தாலோ, பலருக்கும் முதலில் வருவது ஒரே பயம்தான்: கியர்பாக்ஸ் போச்சு, லட்சக்கணக்கில் செலவு. அந்தப் பயத்தோடு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைகிறவரிடம் "இறக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் சார்" என்று சொன்னால், அவருக்கு மறுபேச்சு பேசத் தெரியாது. கியர்பாக்ஸை இறக்குவது கடைசியாகச் செய்யும் வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதியை வண்டிக்காரரே பார்த்துவிடலாம். மீதியை "பார்த்தீர்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்கவாவது தெரிந்திருப்பது நல்லது.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிய வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் நான்கு வகை ஓடுகின்றன. நான்குக்கும் நோய் வேறு, வைத்தியம் வேறு.

மாருதி செலேரியோ மூலம் 2014-இல் இந்தியாவுக்கு வந்தது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. பெரும்பாலான ஏஎம்டி வண்டிகளின் லிவரில் 'பி' இருக்காது. அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். இதில் இருப்பது சாதாரண கியர் ஆயில். ஆக்சுவேட்டர் ஹைட்ராலிக் வகையாக இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஆயில் டப்பா இருக்கும். கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய் வருவது ஏஎம்டியின் இயல்பு, அது பழுது இல்லை.

ஹோண்டா சிட்டி, அமேஸ் போன்றவற்றில் இருப்பது சிவிடி. பல்சக்கரம் மாறுவதற்குப் பதிலாக, இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் இரும்பு பெல்ட் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஒரே இடத்தில் நின்று, ஸ்பீடு மட்டும் மெல்ல ஏறும். முதல்முறை ஓட்டுகிறவர்கள் இதைக் கிளட்ச் வழுக்குவதாக நினைத்துக்கொள்வார்கள். இதற்கு சிவிடி ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட்டின் பிடிப்பே கெட்டுவிடும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஹூண்டாய், கியா வண்டிகள் சிலவற்றில் இரட்டைக் கிளட்ச் வகை வருகிறது. டிசிடி, டிஎஸ்ஜி என்றெல்லாம் பெயர். உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) உள்ள வண்டிகள் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடாகும்.

நான்காவது, டார்க் கன்வெர்ட்டர். இனோவா கிரிஸ்டா, ஸ்கார்பியோ-என், இப்போதைய பிரெஸ்ஸா, எர்டிகா இவற்றின் ஆட்டோமேட்டிக் எல்லாம் இந்த வகைதான். ஆயில் லெவல் என்ற பேச்சு இங்கேதான் மிக முக்கியம். இனி எழுதுவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இந்த வகை கியர்பாக்ஸில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, இரும்புக்கு இரும்பு தொடர்பு கிடையாது. ரசப் பாத்திரத்தில் கரண்டியை ஒரே பக்கமாகச் சுற்றினால், ரசம் சுற்றத் தொடங்கி, மேலே மிதக்கிற கறிவேப்பிலையையும் கூடவே சுற்றவைக்கும். கரண்டி இலையைத் தொடுவதே இல்லை. டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் பக்கத்து இறக்கைகள் ஆயிலைச் சுழற்ற, அந்த ஆயில் எதிர்ப்பக்க இறக்கைகளைச் சுழற்றி சக்கரத்துக்குச் சக்தியை அனுப்புகிறது. பிரேக்கில் காலை வைத்துச் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஆயிலின் பெயர் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், சுருக்கமாக ஏடிஎஃப். சக்தியைக் கடத்துவது அதன் ஒரு வேலை. பம்பு இதே ஆயிலை அழுத்தத்தோடு வால்வ் பாடி என்ற வால்வுத் தொகுப்புக்கு அனுப்ப, அங்கிருக்கும் சோலினாய்டுகள் (மின்சாரத்தில் இயங்கும் வால்வுகள்) திறந்து மூடி, எந்தக் கிளட்ச் பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அப்புறம் பல்சக்கரங்களுக்கு உராய்வு தடுப்பு, மொத்தப் பெட்டிக்கும் குளிர்விப்பு. ஒரே ஆயிலுக்கு இத்தனை வேலை என்பதால்தான் அரை லிட்டர் குறைந்தாலும் அறிகுறி வெளியே தெரிகிறது.

இன்னொரு வேலையும் உண்டு, அதிகம் பேசப்படாதது. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று கவ்வும்போது வழுக்கவும் கூடாது, வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. அந்த உராய்வைச் சீராக்கும் சேர்மானம் ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் டெக்ஸ்ரான் என்ற தரத்தைக் கொண்டுவந்த காலத்தில், இதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்ததும், மாற்றுச் சேர்மானத்தோடு அடுத்த தர ஆயில் வர வேண்டியதாயிற்று. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எல்லாம் சிவப்பு ஆயில்தானே சார், எதை ஊற்றினால் என்ன" என்கிற கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, ஹூண்டாய் எஸ்பி-4 என்று ஒவ்வொன்றுக்கும் சேர்மானம் வேறு. வண்டியோடு வந்த கையேட்டில் (மேனுவலில்) எந்தத் தரம் போட்டிருக்கிறதோ, ஆயில் டப்பாவின் பின்பக்கத்தில் அதே பெயர் இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது.

சரி, லெவல் பார்ப்பது எப்படி?

எஞ்சின் ஆயிலை, வண்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் பார்ப்போம். டார்க் கன்வெர்ட்டர் ஆயிலுக்கு இது பெரும்பாலும் தலைகீழ். சூடாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றால் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் இருக்கும் ஆயில் வடிந்து கீழே பேனுக்கு (கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டுக்கு) வந்துவிடும், லெவல் அதிகமாகக் காட்டும். ஆயில் சூடானால் விரிவடையும் என்பதால் குளிர்ந்த ஆயிலில் லெவல் குறைவாகக் காட்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி முறை தானாகப் புரியும்.

டிப்ஸ்டிக் (லெவல் பார்க்கும் அளவுக்கம்பி) இருக்கும் வண்டியானால், பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, லிவரை 'பி'-யிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி, மறுபடி 'பி'-க்கே வாருங்கள். இதனால் எல்லா வழிகளிலும் ஆயில் நிரம்பும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்க உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். குளிர்நிலைக் கோடு, சூட்டுநிலைக் கோடு என்று இரண்டு ஜோடி இருந்தால், சூட்டுநிலையின் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். குளிர்நிலைக் கோடு ஒரு தோராயத்துக்குத்தான். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கையும் எஞ்சின் டிப்ஸ்டிக்கையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள். பேனட்டுக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும். லூஸ் சட்டை, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை எதுவும் ஓடும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே போகக் கூடாது.

துடைக்கும் துணி முக்கியம். பஞ்சு வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து பிரியும் நூல் உள்ளே போனால் வால்வ் பாடியின் மெல்லிய வழிகளில் சிக்கும். நூல் பிரியாத துணி அல்லது கெட்டியான டிஷ்யூ பேப்பர் போதும்.

விதிவிலக்கும் உண்டு. ஹோண்டாவின் பல பழைய ஆட்டோமேட்டிக்குகளில் வண்டியைச் சூடாக்கிவிட்டு, எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் 'என்'-இல் வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. அதனால் மேனுவலில் அந்த ஒரு பக்கத்தைப் படிக்காமல் பேனட்டைத் திறக்காதீர்கள்.

லெவல் குறைவாக இருந்தால், டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே மெல்லிய புனல் வைத்து ஊற்றலாம். ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல் வேண்டாம். ஊற்றி, லிவரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய், மறுபடி பாருங்கள். 'கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்' என்ற எண்ணம் இங்கே ஆபத்து. லெவல் ஏறினால் சுழலும் பாகங்கள் ஆயிலில் பட்டு நுரை கட்டும். நுரையில் காற்று இருக்கிறது, காற்று அமுங்கும், அழுத்தம் விழும். குறைவாக இருந்தால் வரும் அதே வழுக்கலும் சூடும் அதிகமாக இருந்தாலும் வரும்.

இப்போது வரும் பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. 'சீல்டு' என்பார்கள். உள்ளே லெவல் பார்க்க வழியே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பல மாடல்களில் பேனின் அடியில் ஒரு செக் பிளக் இருக்கிறது, உள்ளே ஒரு குறிப்பிட்ட உயரத்தில் குழாய் நிற்கிறது. வண்டியைச் சமமாக லிஃப்டில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல மாடல்களில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு குறுகிய எல்லைக்குள் பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் மெல்லிய இழையாக வடிந்து, பிறகு சொட்டுச் சொட்டாக நின்றால் லெவல் சரி. ஒன்றும் வராவிட்டால் குறைவு.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியத்தில் வெளி வெப்பமே 40-ஐத் தொடும். ஓட்டிக்கொண்டு வந்த வண்டியை அப்படியே லிஃப்டில் ஏற்றினால் ஆயில் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். விரிந்த ஆயில் வடிவதைப் பார்த்து "லெவல் ஃபுல்" என்று சொல்லிவிடுவார்கள், உண்மையில் குறைவாக இருக்கும். அதனால் சீல்டு வண்டிக்கு இந்த வேலையை, முந்தின இரவே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்வதுதான் சரி என்பேன். வெப்பநிலை பார்க்காமல் லெவல் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

டிப்ஸ்டிக்கில் வந்த சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். புதிய ஏடிஎஃப் பெரும்பாலும் கண்ணாடி போன்ற சிவப்பு. ஓட ஓடப் பழுப்பாவது இயல்பு. கறுத்து, கருகிய வாடையும் அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதால், அது ஓட்டையானால் இரண்டும் கலக்கும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் முங்கிய வண்டிகளுக்கும் இதே கதைதான். கியர்பாக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு சின்ன பிரீதர் துளை உண்டு, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு தண்ணீரில் ஊறினால் உரிந்துவிடும்.

லெவல் குறைந்திருக்கிறது என்றால் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. எஞ்சின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம். ஏடிஎஃப் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் முன்பக்கம் அல்லது நடுவில் சிவப்போ செம்பழுப்போ சொட்டியிருந்தால் பேன் கேஸ்கெட், ஆக்ஸில் சீல், கூலர் ஹோஸ் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நிறமற்ற தண்ணீராக இருந்தால் அது ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். சில வண்டிகளின் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு ஆயில்தான் என்பதால் அந்த டப்பாவின் லெவலையும் பார்த்துவிடுங்கள்.

இனி அறிகுறிகள். 'பி'-யிலிருந்து 'டி'-க்கோ 'ஆர்'-க்கோ போட்டால் ஏறக்குறைய ஒரு நொடியில் வண்டி பிடிக்க வேண்டும். காலையில் முதல்முறை மட்டும் தாமதித்து, சூடானதும் சரியாகிவிட்டால், லெவல் குறைவையோ இறுகிப்போன சீல்களையோ சந்தேகிக்கலாம். மாறாக, சூடானால் மோசமாகிறது என்றால் ஆயில் நீர்த்துப்போய், தேய்ந்த சீல் வழியாகவோ பம்பு வழியாகவோ அழுத்தம் கசிகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை நீங்கள் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் ஆர்பிஎம் எகிறி வண்டி இழுக்கவில்லை என்றாலும் லெவலைத்தான் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 ஊசி வளைவுகளில் ஏறும்போது பேனில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. குறைவாக இருந்தால் பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

சமதளத்திலும் எல்லா கியரிலும் வழுக்கினால் கிளட்ச் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் புது ஆயில் காப்பாற்றாது.

மணிக்கு 50-80 கி.மீ. வேகத்தில், ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்திருக்கும்போது, அதிர்வுப் பட்டைகளின் மேல் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் வந்தால், டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச்சை (ஓடும்போது கன்வெர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் நேராகப் பூட்டும் கிளட்ச்சை) சந்தேகிக்கலாம். காலியான சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, ஆக்சிலேட்டரை விடாமல் பிரேக்கை மிக லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிரேக் சுவிட்ச் லாக்-அப்பை விடுவித்துவிடும். உடனே நடுக்கம் நின்றால் காரணம் அதுதான். பல சமயம் சரியான ஆயிலை மாற்றினாலே குணமாகும். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் போங்கள். எஞ்சின் மிஸ்ஃபயருக்காகக் கியர்பாக்ஸை இறக்குவது வீண் செலவு.

அதேபோல் 'டி'-யில் போடும்போது வரும் இடிக்கு எஞ்சின் மவுன்ட் ரப்பர் கிழிந்திருப்பதும், ஐடில் ஆர்பிஎம் அதிகமாக இருப்பதும் காரணமாகலாம். பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து இடி தொடங்கியது என்றால், கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த அளவுகள் அழிந்திருக்கலாம், மறுபடி கற்க விட வேண்டும். லிவர் 'பி'-யை விட்டு வரவே மாட்டேன் என்கிறதா? பிரேக்கை மிதித்து, பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்ச் அல்லது ஃபியூஸ், சில நூறு ரூபாய் வேலை.

திடீரென்று வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் போகிறது, மீட்டரில் விளக்கு எரிகிறது என்றால் அது லிம்ப் மோட். கம்ப்யூட்டர் தன்னையும் கியர்பாக்ஸையும் காப்பாற்றிக்கொள்கிறது. ஸ்கேனர் போட்டால் பி0700 என்று ஒரு கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்) வரும். "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் கேள்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் இரண்டாவது கோடுதான் விஷயம்: பி0741 என்றால் லாக்-அப் பிடிக்கவில்லை, பி0730 என்றால் கியர் விகிதம் தப்புகிறது, பி0218 என்றால் அதிகச் சூடு. அழிப்பதற்கு முன் எல்லாக் கோடுகளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவிடாதீர்கள். பம்பை ஓட்டுவது எஞ்சின். அது நின்றிருக்கும்போது சக்கரம் சுற்றினால் உள்ளே உராய்வு தடுக்க ஆயில் வராது. முழு வண்டியையும் ஏற்றிப்போகும் பிளாட்பெட்டைக் கூப்பிடுங்கள்.

ஆயில் மாற்றுவது பற்றி. 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சொல்லப்படும் வண்டிகளுக்கும், அதிக வெப்பம், நின்று நின்று போகும் டிராஃபிக், மலைப்பாதை என்ற கடினமான பயன்பாட்டில் முன்னதாக மாற்றச் சொல்லும் மேனுவல்கள் உண்டு. நம் ஊர்ப் பயன்பாடு முழுக்கவே அதுதான். மேனுவலில் இதைவிடக் குறைந்த தூரம் போட்டிருக்கவில்லை என்றால், 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நியாயம் என்பது என் கருத்து. பிளக்கைத் திறந்தால் மொத்த ஆயிலில் பாதிகூட வராமல் போகலாம், மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். வெளியே வந்ததை அளந்து, அதே அளவு ஊற்றிவிட்டு, சூட்டில் லெவல் பார்க்க வேண்டும். நன்றாக மாற வேண்டுமென்றால் சில ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை. வருடக்கணக்கில் மாற்றாத, ஏற்கெனவே வழுக்குகிற கியர்பாக்ஸில் மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்வதை (பழைய ஆயில் முழுவதையும் அழுத்தித் தள்ளி வெளியேற்றுவதை) நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேனைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடியில் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் மை போன்ற சாம்பல் நிறப் படிவு மெல்லியதாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். துடைத்துவிட்டு ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி மூடலாம். விரலில் குத்துகிற இரும்புத் துணுக்குகளோ, பித்தளை நிறத் தூளோ, கறுப்பு உராய்வுப் பொருளின் செதில்களோ கிடந்தால், அப்போது இறக்கிப் பார்க்கச் சம்மதிக்கலாம்.